வில்லங்கச் சான்று

ஒன்பதே முக்கால் வட்டியை எட்டரைக்கு
மாற்றித் தருகிறேன் என்றார் ஆரோக்கியதாஸ்.
காளவாசலில் செருப்புக்கடை மாடி,
ஒரு மேசை, இரண்டு போன்.
"கையெழுத்து மட்டும் போடுங்க மேடம்,
அலையறது என் வேலை."

அவருக்கு அரை சதவீதம்.
அதாவது பதினோராயிரம்.
அதாவது நிலோபருக்கு ஒரு பருவம் ஃபீஸ்.
நானே அலைந்துகொள்கிறேன் என்றேன்.

மூன்று நாள் விடுப்பு.
பத்திரம் சென்னையில் இருக்கிறது என்றது பழைய வங்கி.
புது வங்கி மேலாளர்
நாலு மணிக்கும் சாப்பிடப் போயிருந்தார்.
பதிவாளர் அலுவலகத்தில்
முப்பது வருட வில்லங்கம் கேட்டு நின்றேன்.
திருநகர் வீட்டுக்கு
ஒரே ஒரு வில்லங்கம்தான் அச்சாகி வந்தது:
என் பெயரும் அவர் பெயரும்.

நான்காம் நாள், டோக்கன் நாற்பத்தொன்று.
பக்கத்து நாற்காலியில் ஆரோக்கியதாஸ்,
மடியில் வேறு யாருடைய கோப்போ.
என் படிவத்தை எட்டிப் பார்த்தார்.
"ஏழாம் பக்கத்துல ஒண்ணு விட்டுட்டீங்க."
பேனாவை எடுத்து நீட்டினார்.
எழுதவில்லை.
வாங்கி, இரண்டு முறை உதறி,
திரும்பவும் நீட்டினார்.

கடன் மாறிவிட்டது.
பேனா மட்டும்
இன்னும் என் கைப்பையில்.