இருபத்தெட்டாம் வாரம்

திங்களும் வியாழனும் என் ஊசி நாட்கள்.
எட்டு மணிக்குள் பெர்மேயோவின் வயிறுகளெல்லாம்
என் வாசல் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்துவிடும்.
வெறும் வயிறா என்று கேட்பேன் ஒவ்வொருத்தியையும்,
உள்ளே ஒரு கால் உதைத்துக்கொண்டிருக்கும்போதே.

ஆரஞ்சு நிறச் சர்க்கரைத் தண்ணீர்,
மூன்று மணி நேரம், நான்கு குத்து,
எழுந்து நடமாடக் கூடாது.
மிரேன் இரண்டாம் குத்துக்கு முன்பே வாந்தி எடுத்துவிட்டாள்.
வியாழக்கிழமை மறுபடி முதலிலிருந்து என்றேன்.
என்னைத் திட்டினாள். திட்டட்டும்.

மழை.
எடெர்னே உள்ளே வந்து
குடையை வாஷ்பேசினில் சாய்த்துவைத்தாள்.
சட்டைக் கையைச் சுருட்டும்போதே
முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்கிறவள்.
டப்பா மீன் ஆலையில் நாளெல்லாம்
நெத்திலிக்கு முள் எடுக்கிற கை.
அதில் நரம்பைத் தேட வேண்டியதே இல்லை.

ஓ நெகட்டிவ்.
எங்கள் கரையில் இது அதிசயமில்லை.
அடகுவைக்க முடியாத ஒரே சொத்து என்று
மதுக்கடையில் மார்தட்டுகிறவர்கள் உண்டு.
என் மேஜையில் அது
ஒரு கூடுதல் ஊசி.

முதலில் ரத்தம், பிறகுதான் மருந்து.
வரிசை மாறினால்
நாம் போட்டதையே நாம் கண்டுபிடிப்போம்.
ஊதா மூடி ஒன்று, சிவப்பு மூடி ஒன்று.
பெயர், தேதி, வாரம்.
அடுத்த கட்டத்தில்
தந்தையின் ரத்த வகை.

அவரும் நெகட்டிவ் என்றால்
இந்த ஊசி தேவைப்படாது என்றேன்,
எல்லோரிடமும் சொல்கிற அதே குரலில்.

"எனெகோ நெகட்டிவ்தான்.
ரத்ததான அட்டை வீட்டில் இருக்கிறது."
கொஞ்ச நேரம் மழையைக் கேட்டாள்.
"இருந்தாலும் போட்டுவிடுங்கள்."

என் மேல்சட்டைப் பையில்
நாள் கணக்குப் பார்க்கும் அட்டைச் சக்கரம் ஒன்று உண்டு.
சூரைக் கப்பல்கள் இந்தியப் பெருங்கடலுக்குப் போகும் தேதியும்
ஆட்கள் வீடு திரும்பும் தேதியும்
இந்த ஊரில் நாய்களுக்கும் தெரியும்.
விரல் சக்கரத்தின் விளிம்பைத் தொட்டது.
திருப்பவில்லை.
இல்லை, பாதி திருப்பினேன்.
பிறகு விட்டுவிட்டேன்.

கட்டத்தில் எழுதினேன்: தெரியவில்லை.
அது பொய்யில்லை.
எனக்குத் தெரியவில்லை.

குளிர்பெட்டி மருந்தை உள்ளங்கையில் வைத்து
வெதுவெதுப்பாக்குவது என் பழக்கம்.
முகம் தெரியாத யாரோ
நாற்காலியில் சாய்ந்து படுத்துக் கொடுத்த ரத்தத்தின்
தெளிந்த பகுதி இது.
பிள்ளையின் துளி ஒன்றிரண்டு
வழிதவறித் தாய்க்குள் வந்துவிட்டால்,
தாயின் ரத்தம் அதை உற்றுப் பார்த்து
யார் நீ என்று கேட்கப் பழகுவதற்குள்
இது போய்த் துடைத்துவிடும்.

தொடையில் போட்டேன், மெதுவாக.
கக்குவான் இருமலுக்கு வலது தோளில் இன்னொன்று.
இது உனக்கல்ல, உன் வழியாக அதற்கு.
இரண்டு நாள் வலிக்கும், இடப்பக்கமே படு.

"இதெல்லாம் எழுதியிருக்குமா?"

அட்டையைத் திருப்பிக் காட்டினேன்.
காரணத்துக்கு அதில் இடமே இல்லை.
இருபத்தெட்டாம் வாரம், வழக்கமான ஊசி
என்று முன்பே அச்சடித்திருக்கிறார்கள்
எல்லோருக்கும் ஒரேபோல.
வழக்கமான என்ற சொல்லின் மேல்
அவள் கட்டைவிரல் கொஞ்சம் நின்றது.
பஞ்சை அழுத்திப் பிடி என்றேன்.

பிறந்தவுடன்
தொப்புள்கொடியிலிருந்தும் ஒரு குழாய் எடுப்பார்கள்.
பிள்ளையின் வகை அதில் தெரிந்துவிடும்.
இதை அவளிடம் சொல்ல வேண்டும்.
முப்பத்தாறாம் வாரம் சொல்லலாம்.
அதற்குள் கப்பல் வந்துவிடுமோ என்னவோ.

பத்தரைக்கு மருத்துவமனை வண்டி வந்தது.
குழாய்கள் ஒன்றோடொன்று மோதிக் கிணுகிணுக்க
ஓட்டுநர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனான்.
அப்போதுதான் பார்த்தேன்,
இந்த மழையில்
குடையை வாஷ்பேசினிலேயே விட்டுப் போயிருக்கிறாள்.