ஒன்பது விநாடி

ஒரு வீடியோவுக்கு ஒன்பது விநாடி.
அதற்குள் முடிவு சொல்ல வேண்டும்:
விடலாம், நீக்கலாம், மேலிடத்துக்கு அனுப்பலாம்.
மூன்று பொத்தான், மூன்று விரல்.
நைரோபியில், மொம்பாசா சாலையோரம்,
ஜன்னல் திறக்காத நான்காவது மாடியில்
இதுதான் என் பிழைப்பு, ஆண்டவரே.
உமக்குத் தெரியாததில்லை.
பேச்சை எங்கேயாவது தொடங்க வேண்டுமே.

போன ஞாயிறு ஆராதனையில்
போதகர் முசெம்பி பிரசங்கத்தை ஆரம்பித்தார்.
ஒன்பதாம் விநாடியில் என் கட்டைவிரல்
பாட்டுப் புத்தகத்தின் அட்டைமேல் வழுக்கியது,
அவரைத் தள்ளிவிட்டு அடுத்ததைப் பார்க்க.
பக்கத்திலிருந்த பொசிபோரி சிரித்துவிட்டாள்.
நான் சிரிக்கவில்லை.

ஜெபிக்க உட்கார்ந்தாலும் அதே கதைதான்.
பிதாவே என்று வாயெடுப்பேன்.
வறட்சியில் செத்த மாடு ஒன்று வந்து நிற்கும்.
பிறகு யாரோ ஒருத்தியின் கல்யாண கேக்.
பிறகு, சொல்ல மாட்டேன், அந்தப் பையன்.
பிறகு, தம்பிக்கு அனுப்பிய பணம் போய்ச் சேர்ந்ததா?
ஆமென் சொல்லும்போது
யாரிடம் பேசினேன் என்பதே மறந்திருக்கும்.

போனை அணைத்துப் பார்த்தேன்.
மக்காச்சோள மாவு டப்பாவுக்குள்
புதைத்துக்கூடப் பார்த்தேன்.
மாவு அப்பிய போன்தான் மிச்சம்.
ரொங்காய் போகும் மட்டாட்டு வேனில்
கூரையிலேயே ஒரு திரை,
இருக்கைக்கு அடியில் ஒலிபெருக்கி.
கண்ணை மூடினால் இமைக்குள் ஓடுகிறது.
உபவாசம் இருந்தேன், மூன்று நாள்.
பசிதான் வந்தது, நீர் வரவில்லை.
குறையாகச் சொல்லவில்லை.
சரி, குறைதான்.

புதன்கிழமை இரவு ஷிப்டு,
இரண்டரை மணி இருக்கும்.
வரிசையில் ஒன்று வந்தது.
எந்த நாடென்று தெரியவில்லை.
மண் முற்றம், பிளாஸ்டிக் நாற்காலி,
தொப்பி போட்ட ஒருவர், மடியில் கோழி.
மிருகவதை என்று யாரோ புகார்.
பார்த்தால் வதைதான்:
கோழி துடிக்கிறது, அவர் கை அழுத்துகிறது.
என் விரல் நீக்கு பொத்தானுக்குப் போய்விட்டது.
அந்நேரம் பார்த்து எனக்குத் தும்மல்.
அடுக்கடுக்காய் நாலு தும்மல்.
அதில் உம் கை இருந்ததா என்று கேட்கமாட்டேன்,
ஏசி குளிராகவும் இருக்கலாம்.

நிமிர்ந்தபோது இருபதாவது விநாடி.
குச்சி ஒன்றை எடுக்கிறார்.
பல்லால் துணியைக் கிழிக்கிறார்.
முறிந்த காலோடு சேர்த்துச் சுற்றுகிறார்,
அவசரமே இல்லாமல்,
உலகத்தில் வேறு கோழியே இல்லாததுபோல.
நாலு நிமிடம் பதினோரு விநாடி.
கடைசியில் தரையில் விட்டு,
நடக்கிறதா என்று குனிந்து பார்க்கிறார்.
அது நடக்கவில்லை.
அவர் குனிந்தபடியே இருக்கிறார்.
அவ்வளவுதான், முடிந்துவிட்டது.

மேற்பார்வையாளர் லாங்காட்டின் திரையில்
என் பெயர் சிவப்பாகியிருக்கும்.
"கெமுந்தோ, தூங்கிட்டியா?"
இல்லை என்றேன்.
அந்த வாரம் முழுக்க நான் சொன்னதில்
உருப்படியான ஜெபம் அது ஒன்றுதான்.

ஆண்டவரே,
எனக்கு வருவதெல்லாம் உமக்கும் வருகிறதல்லவா.
நான் நீக்கிய பிறகும் உம்மிடம் நீங்குவதில்லை.
அந்தப் பையன்.
ஆறாம் விநாடியில் நான் விட்டுவிட்டு வந்தவன்.
அங்கிருந்து கடைசிவரை
அவனோடு இருந்தது நீர் ஒருவர்தானே.
எப்படித் தாங்குகிறீர் என்று கேட்க வாயெடுத்தேன்.
கேட்கவில்லை.
வாய் திறந்தபடி கொஞ்ச நேரம் இருந்தேன்.
அப்போது மட்டும், அதிசயமாக,
எந்த மாடும் வந்து நிற்கவில்லை.

விடிந்து ரொங்காயில் இறங்கினேன்.
முதல் திருப்பத்தில் கோழி விற்கிறவள்
கூண்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.
நின்றேன். கட்டைவிரல் துடித்தது,
பைக்குள் வைத்துக்கொண்டேன்.
ஒரு கோழி தலையைச் சாய்த்து
என்னை ஒற்றைக் கண்ணால் பார்த்தது.
"வாங்குறியா, சும்மா பார்க்குறியா?"
சும்மாதான் என்றேன்.
"அப்ப ஓரமா நின்னு பாரு."
ஓரமாக நின்றேன்.