மூன்று மணி மேடு

மாஸ்ட்ரிக்ட் நகரில் மே மாத மழை.
ஆய்வுக்கூடத்தின் இரண்டாம் மாடியில்
காற்றுப் புகாத ஓர் அறை.
கட்டில், மேசை, கழிப்பிடம்,
லிண்டன் மரம் தெரிய ஒரு சன்னல்.
உள்ளே ஷாங் வெட்செல்ஸ், அறுபத்தொரு வயது,
நாளைக் காலைவரை எங்கள் விருந்தாளி.
விருந்தாளி என்கிறேன்;
அவர் விடும் மூச்சைக்கூட நாங்கள் விடுவதில்லை.

கூரைக்குப் போகும் குழாயில் கருவி மறித்து நின்று
இவ்வளவு ஆக்சிஜன் எடுத்தார்
இவ்வளவு கரியமில வாயு கொடுத்தார் என்று எழுதும்.
கொடுத்ததை எடுத்ததால் வகுத்தால்
உள்ளே எரிவது எதுவென்று தெரியும்.
ஒன்றை நெருங்கினால் மாவுச்சத்து,
புள்ளி ஏழுக்கு இறங்கினால் கொழுப்பு.
அவ்வளவுதான் என் இரவு வேலை:
ஒரு மனிதர் எரிவதைத் திரையில் பார்த்திருப்பது.

மாலை ஆறரைக்கு, சுவரிலுள்ள சிறு கதவு வழியே
கிராம் பிசகாமல் நிறுத்த
ரொட்டி, பாலாடைக்கட்டி, அவித்த பீன்ஸ், ஒரு பேரிக்காய்.
ரொட்டியில் ஒரு விள்ளலை நெடுநேரம் மென்றார்.
ஒலிபெருக்கியில் அவர் குரல்:
"மென்றுகொண்டே இருந்தால் இனிக்கும், தெரியுமா?"
தெரியும். எச்சில் மாவுச்சத்தின் சங்கிலியை
அறுத்து அறுத்துச் சர்க்கரையாக்குகிறது.
"எனக்கு அதெல்லாம் தெரியாது," என்றார்.
"இனிக்கும் என்பது மட்டும் தெரியும்."

பத்து மணிக்கு விளக்கை அணைத்தார்.
கோடு மெல்ல இறங்கியது.
தூக்கம் என்கிறோம்; உள்ளே ஒருவரும் தூங்குவதில்லை.
ஈரல் தன் சேமிப்பை உடைத்து
மூளைக்குக் கைச்செலவு கொடுக்கிறது.
எடையில் ஐம்பதில் ஒரு பங்கு,
செலவில் ஐந்தில் ஒரு பங்கு:
அந்தக் குடும்பத்துக்கு மாப்பிள்ளை, மூளை.
பீன்ஸின் புரதம் மணி மணியாய் உதிர்ந்து
தோளில், குடற்சுவரில், நகக்கண்ணில்
வேறு வரிசையில் கோக்கப்படுகிறது.
எவருக்கும் வேண்டாத நார்
கடைசிவரை நடந்துபோய்
பெருங்குடலின் கோடானுகோடி உயிர்களுக்குப் பந்தியாகிறது.
இத்தனைக்கும் சேர்த்து
ஒரு பழைய குண்டு பல்பின் வெப்பம்.
சுடரில்லை, புகையில்லை.
முப்பத்தேழு டிகிரியில் ஓர் அடுப்பு.

மூன்று மணி ஏழு நிமிடத்துக்குக்
கோடு எழுந்தது.
இருபது நிமிடம் ஒரு மேடு.
புரண்டு படுப்பவர் எழுப்பக்கூடிய மேடு அல்ல.
இரவில் கேமரா கிடையாது, ஒப்பந்தம் அப்படி.
கருவியைச் சோதித்தேன். கருவி சரி.
பிறகு அது இறங்கி
புள்ளி எட்டில் படுத்துக்கொண்டது.

காலையில் கதவைத் திறந்ததும் கேட்டேன்.
"தூங்கினேன்," என்றார்.
திரையைக் காட்டினேன்.
மேட்டை விரலால் தடவிப் பார்த்தார்,
பிள்ளையின் மதிப்பெண் பட்டியலில்
எதிர்பாராத எண்ணைக் கண்டவர் போல.

"முப்பத்தாறு வருடம் மூன்று மணிக்கு மாவு பிசைந்தேன்.
அக்டோபரில் கடையை விற்றாயிற்று.
கை மட்டும் எழுந்துவிடுகிறது.
எழுந்த கையைப் படுக்கையில் வைத்துக்கொண்டு என்ன செய்ய?
மேசைமேல் போட்டுப் பிசைந்தேன்."

"எதை?"

"தலையணையை."

படிவத்தில் அதற்குக் கட்டமில்லை.
'உடலசைவு, இருபது நிமிடம்' என்று எழுதினேன்.
வேகாத அந்த ரொட்டிக்காக
முந்தைய மாலையின் ரொட்டியிலிருந்து
அவர் உடம்பு எடுத்துக் கொடுத்தது
ஐம்பது கலோரி சொச்சம்.
அரைத் துண்டுக்குக் கொஞ்சம் மேல்.

எடை பார்த்தோம். நானூறு கிராம் குறைவு.
சிறுநீரைக் கழித்தாலும் இடிக்கிறதே,
மீதி எங்கே என்றார், கடைக்காரர் அல்லவா.
மூச்சாக, ஆவியாக, என்று கூரையைக் காட்டினேன்.
கொஞ்ச நேரம் சன்னலைப் பார்த்தார்.
மழை விட்டு, வெயிலில்
லிண்டன் தன் புது இலைகளைத் திறந்து வைத்திருந்தது.
"அப்படியானால் அது இப்போது
சாப்பிட்டுக்கொண்டிருக்கும்," என்றார்.

கிளம்பும்முன் கருத்துப் பகுதியில்
பெரிய எழுத்தில் எழுதிக் கையெழுத்திட்டார்:

ரொட்டியில் உப்பு போதாது.
இன்னும் ஒரு மணி நேரம்
புளிக்க விட்டிருக்கலாம்.