டிரம்ஸ் இல்லாத ஆல்பம்

ராத்திரி பதினொன்றே காலுக்கு
ஆசீர் அனுப்பியிருந்தான்.
ஒன்பது பாட்டு, முப்பத்தெட்டு நிமிடம்.
"கேட்டுட்டுச் சொல்லுலே" என்று ஒரு வரி.
அதற்கு மேலே, மூன்று வருடம் பழசாய்,
அவனுடைய கடைசிச் செய்தி:
"டெம்போ வாடகையில் உன் பங்கு எழுநூறு."

வண்ணார்பேட்டை ஷோரூமின் ஷட்டரை
உள்ளிருந்தே இறக்கிவிட்டு
காலை டெலிவரிக்கு நிற்கும் வண்டியில்
உட்கார்ந்து கேட்டேன்.
சீட்டின் பாலித்தீன் உறை
அசைந்தால் சரசரக்கும். அசையவில்லை.

முதல் பாட்டு ஓர் உறுமலில் தொடங்குகிறது.
ஆம்ப் இரைச்சல் என்று நினைத்தேன்.
இல்லை, பணகுடிக்குத் தெற்கே
அவன் எண்ணெய் மாற்றுகிற காற்றாலை.
ஆடியில் பிடித்து வைத்த உறுமல் அது.
மற்றதெல்லாம் தை மாதம்,
இறக்கைகள் சும்மா நிற்கும்போது,
பராமரிப்பு என்று கையெழுத்துப் போட்டு
உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு.
எண்பது மீட்டர் இரும்புக் குழாய்.
ஏணியின் காலடியில் ஆம்ப்.
உச்சியில், பல்சக்கரப் பெட்டிக்குக் கீழே
கயிற்றில் தொங்கும் மைக்.
ஒரு தந்தியைத் தட்டினால்
அது ஏணி ஏறிப் போய்
மூச்சு வாங்கி
இறங்கி வருகிறது.

ஆறாம் தந்தியை அந்த உறுமலுக்கு
இறக்கி முறுக்கியிருக்கிறான்.
அதனால் ஆல்பம் முழுக்க
கால் சுருதி கீழே கிடக்கிறது
எந்த ஆர்மோனியத்துக்கும் சிக்காமல்.

பாடவும் செய்கிறான்!
நயினார் துபாய் போகும்வரை
மைக் பக்கம் தலை வைக்காதவன்.
ஆனித் தேர்க்கூட்டத்தில் தொலைந்த பிள்ளைக்கு
ஒலிபெருக்கியில் அடையாளம் சொல்கிறவன் குரல்:
சட்டை நிறம், வயது, கூப்பிடும் பெயர்.
அழுகை கிடையாது, விவரம்தான்.
இரண்டாவது பாட்டு கிட்டாருக்கு வாங்கிய கடன் பற்றி.
ஐந்தாம் தேதி, ஐந்தாம் தேதி என்பதே பல்லவி.
நாள் முழுக்கத் தவணை எழுதுகிறவன் நான்,
தனியாகச் சிரித்தேன்.
மூன்றாவது எனக்குப் பிடிக்கவில்லை.

நான்காவதில்தான் எனக்கு வேலை இருந்தது.
ஈரடுக்கு என்று பெயர் வைத்துக்கொண்டு
நாலு பேராய்த் திரிந்த காலத்துப் பாட்டு.
கோவில்பட்டிக் கல்லூரியில்
மழை வந்து மேடையைப் பிரிக்கும் முன்
கடைசியாய் வாசித்தது.
சரணம் முடிந்ததும் எல்லாரும் கையை எடுப்பார்கள்,
நாலு எண்ணிக்கை என் உருட்டல் மட்டும்,
பிறகு மொத்தமாய் விழுவோம்.

சரணம் முடிகிறது.
ஒன்று.
இரண்டு.
வெளியே மதுரை பஸ் ஒன்று
கியர் மாற்றிப் போகிறது.
மூன்று.
நான்கு.
கிட்டார் விழுகிறது
நான் அடித்திருந்தால் எங்கே விழுமோ
அங்கே.

புது வண்டியின் டேங்கெல்லாம்
என் விரல் ரேகை.
ஏழு தடவை கேட்டேனோ எட்டோ.
மணி ஒன்றுக்கு மேல் போன் போட்டேன்.
"அந்த நாலு எண்ணிக்கை
எனக்காவாலே விட்ட?"
காற்றில் ஏணி பிடிக்கிறவன்போல்
கொஞ்சம் நிதானித்தான்.
"கரண்டு போய்ட்டு.
ஒட்டிப் பாத்தேன், ஒட்டல.
அப்படியே விட்டுட்டேன்."

கரண்டு உற்பத்தி பண்ணுகிற கம்பத்துக்குள்
கரண்டு போனதாம்.
ஒரு நூல் பிசகாமல்
நாலே எண்ணிக்கை.

நான் ஒன்றும் சொல்லவில்லை.
"அஞ்சாவது கேட்டியா?" என்றான்.
"நாலுலதான் நிக்கேன்."
"நில்லு" என்றான்,
"அந்த எழுநூறும் அங்கனயேதான் நிக்கு."