கண்ணாடிக் கணக்கு

குற்றம் குறைந்துவிட்டதாம் மொடெஸ்டோவில்.
நகர மண்டபத்தில் படம் போட்டுக் காட்டினார்கள்,
கோடு இறங்குகிறது.
என் வேனில் ஏறியிருப்பதோ
இந்த வாரம் மட்டும் பத்தொன்பது கார் ஜன்னல்.
போலீசிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று
நேரே எனக்குத்தான் ஃபோன்.

பட்டியலைப் பார்த்து
ஃப்ரெஸ்னோ வேண்டாம் என்கிறாள் யாழரசி.
ஸ்டாக்டன் பேச்சே கூடாது.
சாக்ரமென்டோ? பார்க்கலாம்.
மூன்று ஊரிலும் மாட்டியிருக்கிறேன்.
உடைந்தால் ஒரே மாதிரிதான் உதிர்கிறது.

ஒருமுறை
குழந்தை இருக்கையின் மடிப்பெல்லாம் துகள்.
அந்தப் பெண் தன் கையாலேயே பொறுக்கினாள்,
என்னை விடவில்லை.

ராத்திரி பேன்ட் மடிப்பை உதறுகிறேன்.
கற்கண்டாப்பா, என்று குனிகிறான் மகன்.
தொடாதே என்று நான் போட்ட சத்தத்தில்
அடுத்த வீட்டு விளக்கு எரிந்தது.