குகை வரை மட்டும்

நேற்றிரவு முதல் உறைபனி.
விடிவதற்குள் வால்நட் மரம்
தன்னிடமிருந்த எல்லாவற்றையும்
என் ரயில்பாதைமேல் கொட்டிவிட்டது.
மூன்று வாளி இலை.
அதற்கடியில் எங்கோ
அறுபத்திரண்டு மீட்டர் பித்தளை.

கையுறை போட்டால் விரலுக்குக் கண் தெரியாது.
போடாவிட்டால் வால்நட் தோலின் கறை
பத்து நாளைக்குப் போகாது.
போடவில்லை.
திங்கட்கிழமை ஆய்வகத்தில் கேட்கத்தான் போகிறார்கள்.
நான் பல் செய்கிறவள்.
முகம் தெரியாத வெர்னிகெரோடே வாய்களுக்கு
மயிரிழை கணக்கில் சீவித் தருகிறவள்.
முனை மழுங்கிய பழைய கொக்கியூசியால்
பாயிண்டின் நாக்கிடுக்கில் அப்பிய பாசியைக்
கிளறி எடுக்கிறேன்.
சொத்தை மாதிரியே வருகிறது,
மாதிரியே நாறுகிறது.

ட்ஸீக்லர் வீட்டு வேலியோரம்
புழு தேடிய கருங்குருவி
ஜல்லியை வாரி இறைத்திருக்கிறது.
நான்கு ஸ்லீப்பர் அந்தரத்தில்.
ரசமட்டத்தை வைத்தால்
குமிழி வெட்கமில்லாமல் ஒருபக்கம் ஒதுங்குகிறது.
ஒரு கரண்டி ஜல்லி. தட்டல்.
இன்னும் அரைக் கரண்டி.
இல்லை, கூடிவிட்டது.
குமிழி நடுவுக்கு வர அரைமணி நேரம்,
என் முழங்கால் நிமிர இன்னொரு அரைமணி.

டெட்லெஃப் சமையலறை ஜன்னலைத் திறந்து
"மூணு மணிக்கு மழையாம்" என்றான்.
மூடினான்.
திறந்து, "காபி ஆறிப்போச்சு" என்றான்.

நிலையத்தில் பதினெட்டு வோல்ட்.
ரோஜாப் புதரைத் தாண்டினால் பதினொன்று.
நடுவில் யாரோ ஏழு வோல்ட்டைத் தின்கிறார்கள்.
இணைப்பு இணைப்பாகத் தொட்டுக்கொண்டே போனேன்.
பத்தொன்பதாவது,
களிம்பு பூத்துப் பச்சையாய் உட்கார்ந்திருந்தது
ஒன்றும் தெரியாத முகத்தோடு.
வினிகர்த் துணி. உப்புத்தாள். மறுபடி துணி.
பதினேழரை. போதும்.

பிறகு சோதனை ஓட்டம்.
சிவப்பு டீசல், பின்னால் ஒரே ஒரு தட்டை வண்டி,
அதன்மேல் விளிம்பு தொடத் தண்ணீருடன்
ஒரு ஸ்னாப்ஸ் குவளை.
சிந்தினால் பாதை தோற்றது:
என் சட்டம் அவ்வளவுதான்.

பழைய அடுப்புக் கம்பியில் செய்த பாலம்,
தாண்டியது.
கருங்குருவியின் வளைவு,
தண்ணீர் ஒருமுறை தோளைக் குலுக்கிக்கொண்டது.
சிந்தவில்லை.
பெரணி மூடிய சாக்கடைக் குழாய்க்குள்,
அதாவது குகைக்குள், நுழைந்தது.
ஆறு வினாடியில் வெளியே வரவேண்டும்.

ஏழு.
பத்து.
சத்தம் இருக்கிறது, ரயில் இல்லை.
சக்கரம் மட்டும் நின்ற இடத்திலேயே ஓடும்
அந்த எரிச்சல் முனகல்.
மின்சாரத்தை அணைத்தேன்.

ஈரப் புல்லில் குப்புறப் படுத்து
தோள்வரை கையை விட்டேன்.
முதலில் குவளை, கவிழ்ந்து, காலியாக.
பிறகு டீசல், சூடாக.
பிறகு இலைகள்.
காற்று கொண்டுவந்த இலை இல்லை இது.
காய்ந்தது, அடுக்கியது, அழுத்தியது.
யாருடைய பொறுப்போ இது என்று
நினைத்து முடிப்பதற்குள்
ஓர் ஊசி.

ஊசி எனக்குப் புதிதல்ல.
மூச்சு விடும் ஊசி புதிது.

டார்ச்சைப் பல்லில் கவ்விப் பார்த்தேன்.
முள்ளெலி.
முகம் எங்கே என்று தெரியவில்லை.
ஓர் இலை மட்டும் மெல்ல எழுந்து
மெல்லப் படுத்தது.
காலையிலிருந்து நான் வெளியே அள்ளியதை
அது ராத்திரி ராத்திரியாய்
உள்ளே அள்ளியிருக்கிறது.

ஞாயிறன்று எட்டுப் பேர் வருகிறார்கள்.
ஓட்டோகார் நிறுத்தற்கடிகாரத்தோடு வருவார்.
சுற்று முடியாத பாதையை
அவர் பாதை என்றே ஒப்புக்கொள்ளமாட்டார்.
டீசலை வாலைப் பிடித்து இழுத்தேன்,
ஒரு தாடையிலிருந்து அச்சை எடுக்கும் நிதானத்தில்.

ஓர் அட்டையில் எழுதி நிலையத்தில் சொருகினேன்:
குகை வரை மட்டும். ஏப்ரல் வரை.
"காரணம் போடலையா?" என்றான் டெட்லெஃப்,
ஆறிய காபியோடு வெளியே வந்து.
நிஜ ரயில்காரர்கள் எப்போது போட்டார்கள்?

மூன்றாவது வாளியை உரக்குழிக்குக் கொண்டுபோகவில்லை.
குழாயின் மறுவாயில் சாய்த்துவிட்டு வந்தேன்.
அடுக்கவில்லை,
அந்த வேலை எனக்குத் தெரியாது.

மலையில் நீராவி வண்டி ஊதியது.
மழை
பத்து நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டது.