பதினொரு விநாடி

குருநகர் ஐஸ் தொழிற்சாலையில்
எனக்கு இரவு முறை.
கொம்பிரசர் இரையும், கட்டி இறங்கும்,
நான் கணக்குப் போடுவேன்.
கொப்பி இல்லை இப்போது.
கடனெல்லாம் முகிலில் இருக்கிறது என்று
சங்கத் தலைவர் பிலேந்திரன்
விரலை மேலே காட்டிச் சொல்லுவார்.
மேலே தகரக் கூரை.
அதில் ஒரு பல்லி.

பிறவுசரை அப்டேற் பண்ணச் சொல்லி
மூலையில் ஒரு அம்பு.
முதலில் பச்சை, பிறகு செம்மஞ்சள், இப்போது சிவப்பு.
மூன்று கிழமையாய் 'பிறகு' என்று அமத்துகிறேன்.
எங்கள் சனமும் அப்படித்தான்.
ஐஸ் காசா, பிறகு. எண்ணெய்க் காசா, பிறகு.
சிவப்பாகியும் ஒருத்தரும் செத்துப்போகவில்லை.

கணக்குத் தாளின் லிங்க் கிடைத்தவர்
எவரும் உள்ளே வரலாம்.
பெயர் சொல்லாமல் வருபவருக்கு
அது தானே ஒரு விலங்கின் பெயரை வைத்துவிடும்.
படகுகள் வெளிக்கிட்ட கையோடு, இரவு இரண்டு மணிக்கு,
ஒருநாள் பெயரிலி ஆமை,
ஒருநாள் பெயரிலி ஒட்டகம்.
ஒட்டகத்துக்குக் குருநகரில் என்ன வேலை என்று
தனியே இருந்து சிரித்தேன்.
பிறகுதான் கண்டேன்,
எந்த விலங்கானாலும்
நேரே நாற்பத்தேழாம் வரிக்குத்தான் போகிறது.

எமில்தாஸ். ஐஸ். 86,400.

அங்கேயே நிற்கும்.
மேல் வரியில் ஆர், கீழ் வரியில் ஆர்,
அவனுக்கு எவ்வளவு என்று பார்க்காது.
ஊரில் ஆர் இப்படி இருக்கினம்?

ஆவணி அமாவாசைக்கு முதல்நாள்
நான் பார்த்துக்கொண்டிருக்க
அந்தத் தொகை ஒரு பூச்சியத்தை இழந்தது.
8,640.
பிலேந்திரனின் நம்பர் என்னிடம் இருந்தது.
பூச்சியத்தைத் திரும்பப் போட எனக்கு விரலும் இருந்தது.
சுவர் மணிக்கூட்டைப் பார்த்தேன், ஏனென்று தெரியாது.
பூச்சியம் தானாகத் திரும்பி வந்தது.
ஒட்டகம் போய்விட்டது.

தாள் ஒன்றையும் மறக்காது.
வலது பக்கத்தால் அமத்திக் கேட்டால் சொல்லும்:
இரண்டு பதினான்கு, மாற்றியவர் பெயரிலி.
இரண்டு பதினான்கு, மாற்றியவர் பெயரிலி.
விநாடி அதற்குத் தெரியாது.
விநாடி என்னிடம் இருக்கிறது.
பதினொன்று.

ஐப்பசியில்
தாள் திறந்து கிடக்குது என்று
ஆரோ சங்கத்தில் சொல்லிப்போட்டினம்.
பூட்டு என்றார் பிலேந்திரன்,
அந்தச் சிவப்பையும் ஒருக்கா அமத்து என்றார்.
பிறவுசர் செத்து எழும்பியது.
திறந்திருந்த பக்கங்கள் எல்லாம்
இருந்த இடத்திலேயே வந்து குந்தின,
இறால் விலை, காற்று வேகம், நான் பாதி பார்த்த படம்.
விலங்கு வரவில்லை.

மூன்றாம் இரவு, அனுமதி கேட்டு ஒரு மின்னஞ்சல்.
பள்ளிக்கூடம் கொடுத்த முகவரி.
எமில்தாஸ் டிலக்சனா.
'மிஸ், அப்பாவுக்கு இது பாக்கத் தெரியாது.
நாங்கள் கட்டுவம்.
பாக்க மட்டும் விடுங்கோ.'

நான் மிஸ் இல்லை.
முப்பத்தொன்பது வயது, மீசை, பெயர் நிக்சன்.
அனுமதி என்ற நீலப் பொத்தானை அமத்தினால்
அவள் இனிப் பெயரோடுதான் வருவாள்,
பெயரின் முதலெழுத்து ஒரு வட்டத்துக்குள் ஒளிர,
இரவு இரண்டு மணிக்கு,
சங்கத்தில் ஏழு பேர் பார்க்க.

அமத்தவில்லை. மறுமொழியும் போடவில்லை.
லிங்கைத் திரும்பத் திறந்துவிட்டேன்,
பார்க்கலாம், திருத்த ஏலாது என்று.
பிலேந்திரன் கேட்டால்
அப்டேற்றில் பழுது என்பேன்.
நம்புவார். அப்டேற்றை எல்லோரும் நம்புவார்கள்.

சரிதானா என்று பார்க்க
என் போனில் பெயரைக் கழற்றி வைத்துவிட்டு
நானும் உள்ளே போனேன்.
எனக்கு வௌவால் கிடைத்தது.
நாற்பத்தேழாம் வரிக்குப் போய் நின்றேன்.
அங்கே நின்று பார்க்க
எண்பத்தாறாயிரத்து நானூறு
நான் அடித்த இலக்கம் மாதிரி இருக்கவில்லை.

இரண்டு பன்னிரண்டுக்கு
பக்கத்தில் இன்னொரு வட்டம் வந்து நின்றது.
என்ன விலங்கென்று
நான் தொட்டுப் பார்க்கவில்லை.